"அப்படியென்றால் எங்களை எதற்குக் கேட்டீர்கள்?"

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்காக 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்பு யாத்திரையை, ட்வைன் மென்பொருளில் கிளை பிரியும் கதையாகச் செய்திருக்கிறீர்கள். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குடியானவர். யாத்திரைத் தொண்டர்கள் ஊருக்குள் வருகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவதா, கதவைச் சாத்திக்கொள்வதா என்று மாணவர்கள் முடிவு செய்ய வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இரண்டு திரைகள் தள்ளிக் கதை ஒன்றாகிவிடுகிறது. தொண்டர்கள் வேதாரண்யம் போய்ச் சேர்கிறார்கள், ராஜாஜி உப்பு எடுக்கிறார், கைதாகிறார். இடைவேளையில் மாணவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒரு மாணவி நேராக உங்களிடம் வந்து, "அப்படியென்றால் எங்களை எதற்குக் கேட்டீர்கள்?" என்றாள். "நான் செய்தது ஏமாற்று வேலையா?" என்று நீங்கள் இங்கே கேட்கிறீர்கள். அதற்கு உள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. முடிவை மாற்றாத ஒரு தேர்வால் பிள்ளைகள் எதையாவது கற்கிறார்களா, இல்லை அது வெறும் கண்துடைப்பா? உங்கள் கதைக்கு மட்டுமல்ல, "பிடித்த தலைப்பில் செயல்திட்டம் செய்யுங்கள்" என்று வகுப்பில் நாம் கொடுக்கிற எல்லாச் சுதந்திரங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும், வகுப்பறைக்கான இத்தகைய கதைகளை எழுதுவதிலும், பிறர் எழுதியதைத் திருத்துவதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். பாதைகள் மீண்டும் ஒன்றுசேர்வதில் தவறே இல்லை. தேர்ந்தெடுத்த பிள்ளையிடம் அதன் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அடுத்த திரைக்கு நகர்த்திவிடுவதில்தான் தவறு இருக்கிறது. உங்கள் மாணவி கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். "முடிவு ஏன் மாறவில்லை?" என்று அவள் கேட்கவில்லை. "எங்களை எதற்குக் கேட்டீர்கள்?" என்றுதான் கேட்டாள்.

பாதைகள் ஏன் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதற்குக் கணக்கே சாட்சி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழிகள், அவை ஒருபோதும் சேராது என்று வைத்தால், பத்துத் தேர்வுகளில் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். இருபது தேர்வுகள் என்றால் 10,48,576. யாராலும் எழுத முடியாது. 1979இல் அமெரிக்காவில் பாண்டம் நிறுவனம் தொடங்கிய 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசையின் முதல் புத்தகம், எட்வர்ட் பேக்கார்டு எழுதியது, 40 முடிவுகளைக் கொண்டது. பாதைகளை அதிகம் சேர்க்காமல் பிரியவிட்டதற்கு அந்தப் புத்தகம் கொடுத்த விலை, ஒவ்வொரு பாதையும் சில பக்கங்களிலேயே முடிந்துபோவது. நீளமான கதை வேண்டுமென்றால் கிளைகளைப் பிரித்துச் சேர்த்து, மறுபடி பிரித்துச் சேர்க்க வேண்டியதுதான். இந்தத் துறையில் எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை இது. நீங்கள் செய்ததும் அதுதான். அந்த அளவில் உங்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாசகர்களுக்கு எப்போது கோபம் வருகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2012இல் டெல்டேல் நிறுவனம் வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' விளையாட்டில், முதல் பகுதியிலேயே டக், கார்லி என்ற இருவரில் ஒருவரை மட்டும்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாம் பகுதியில் இறந்துவிடுவார். இதை அறிந்து சலித்துக்கொண்டவர்கள் ஏராளம். எனக்கு அந்த மரணத்தில் குறை தெரியவில்லை. இடையில் இருக்கிற நேரத்தில் நீங்கள் பேசுவது வேறு ஆளோடு, இழப்பதும் வேறு ஆளை. எனக்குச் சங்கடமாக இருந்தது இன்னொன்று. கதாநாயகனோடு வரும் கிளெமென்டைன் என்ற சிறுமியின் முன்னால் எதையாவது சொன்னாலோ செய்தாலோ, "கிளெமென்டைன் இதை நினைவில் வைத்திருப்பாள்" என்று திரையின் மூலையில் ஒரு வரி வரும். சில இடங்களில் அந்த நினைவு கதைக்குள் திரும்பி வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை. அங்கே ஒரு வாக்குறுதி கொடுக்கப்பட்டு நிறைவேறாமல் போகிறது. தேர்வின் பலன் சிறியதாக இருப்பதை வாசகர் மன்னித்துவிடுவார். சிறியதைப் பெரியதாகக் காட்டியதை மன்னிக்க மாட்டார்.

இதற்கு நேரெதிராக, தேர்வின் எல்லையை ஒளிக்காமல் காட்டிய படைப்புகளும் உண்டு. 2013இல் வந்த 'டிப்ரெஷன் குவெஸ்ட்' என்ற கணினி விளையாட்டு மனச்சோர்வில் இருப்பவரின் அன்றாடத்தைப் பற்றியது. ஆரோக்கியமான ஒருவர் செய்யக்கூடிய செயல்களும் அதன் பட்டியலில் இருக்கும், ஆனால் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கும். படிக்கலாம், அழுத்த முடியாது. அந்த நோயில் இருப்பது எப்படி என்பதை அந்தக் கோடு நான்கு பக்கக் கட்டுரையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பேக்கார்டே 1982இல் எழுதிய 'இன்சைட் யூஎஃப்ஓ 54-40' இன்னும் துணிச்சலானது. அதில் அல்டிமா என்ற சொர்க்கம் போன்ற கிரகம் ஒன்று வருகிறது. எந்தத் தேர்வும் உங்களை அங்கே கொண்டுபோகாது. புத்தகத்தைப் புரட்டும்போது தற்செயலாக அந்தப் பக்கம் கண்ணில் பட்டால் அல்லது விதியை மீறி நேராக அங்கே போனால் மட்டுமே அதைக் காணலாம். பட்டியலில் கொடுத்திருப்பவை மட்டும்தான் வழியா என்று ஒரு சிறுவர் புத்தகமே கேட்டிருக்கிறது. அதை நம் வகுப்புகளிலும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்தக் கதைகளிலிருந்து வகுப்பறை ஓர் இடத்தில் அடிப்படையாகவே வேறுபடுகிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. கிளைக் கதை தனி ஆள் ஒருமுறை படிப்பதற்காகச் செய்யப்படுவது. ஒரே ஒருமுறை படிக்கிறவருக்குத் தான் விட்டுவந்த வழியில் என்ன இருந்தது என்று தெரியாது. அதனால் மாயை நிற்கும். வகுப்பிலோ நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே கதையைப் படிக்கிறார்கள். "நீ எதை அழுத்தினாய்? உனக்கு என்ன வந்தது?" என்று மணியடித்த அடுத்த நிமிடமே பேசிக்கொள்வார்கள். வீட்டில் தனியாக விளையாடுபவரிடம் ஒரு வாரம் தாங்கும் வித்தை வகுப்பில் பத்து நிமிடம் தாங்காது. வகுப்பில் போலித் தேர்வைக் கொடுப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்குப் போவதற்கு முன்பே, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடலாம். ஆனால் இதுவே நல்ல வாய்ப்பும்கூட. அவர்கள் ஒப்பிடத்தான் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அந்த ஒப்பீட்டையே பாடமாக்கலாம்.

தேர்ந்தெடுத்துப் பக்கம் புரட்டும் முறை கதைப் புத்தகங்களுக்கு முன்பே பாடப்புத்தகங்களில் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1950களில் ஹார்வர்டு உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வடிவமைத்த கற்பிக்கும் இயந்திரத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரே பாதைதான். மாணவர் சிறு சிறு படிகளாக விடையைத் தானே எழுதிக்கொண்டு முன்னேற வேண்டும். வேகம் மட்டும் அவர் கையில். அதே காலத்தில் அமெரிக்க விமானப்படையில் மின்னணுக் கருவிகளின் பழுது கண்டுபிடிக்கும் பயிற்சியில் ஈடுபட்டிருந்த நார்மன் கிரவுடர் வேறு வழியில் போனார். அவருடைய புத்தகங்களின் பக்கங்களை வரிசையாகப் படிக்க முடியாது. ஒரு பக்கம் விளக்கம், அடியில் கேள்வி, மூன்று நான்கு விடைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பக்க எண். சரியான விடையின் பக்கத்துக்குப் போனால் பாடம் தொடரும். தவறான விடையின் பக்கத்துக்குப் போனால், இந்த விடையை நீங்கள் சொன்னதற்குக் காரணம் அநேகமாக இதுவாக இருக்கும், அது ஏன் பொருந்தாது என்றால் இப்படி, என்று விளக்கிவிட்டு, திரும்பப் போய் மறுபடி முயலச் சொல்லும்.

அந்தத் தவறான விடைப் பக்கத்தைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கிரவுடரின் புத்தகத்தில் எல்லாப் பாதைகளும் ஒரே முடிவுக்குத்தான் வருகின்றன. உங்கள் கதையைவிடக் கறாராக வருகின்றன. ஆனாலும் அதைப் படித்தவர் "என்னை எதற்குக் கேட்டீர்கள்?" என்று கேட்க மாட்டார். கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதிலை யாரோ படித்து, அந்தப் பதிலுக்கென்றே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கதையில் கதவைச் சாத்திய குடியானவருக்கு என்ன திரை வருகிறது? நீங்கள் இங்கே பகிர்ந்ததில், "தொண்டர்கள் அடுத்த ஊருக்குப் போனார்கள்" என்று இருக்கிறது. சோறு போட்டவருக்கும் ஏறக்குறைய அதே வரிதான். சாத்தியவர் ஏன் சாத்தினார் என்று கதை கேட்கவே இல்லை.

அந்தக் காரணம் வரலாற்றில் பெரியது. யாத்திரை 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் தொடங்கி, ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு, சுமார் 150 மைல் நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தது. 30ஆம் தேதி உப்புச் சட்டத்தை மீறினார்கள். வழியில் தஞ்சை கலெக்டர் ஜே. ஏ. தார்ன், தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறையும் அபராதமும் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார். ஆறு மாதம் உள்ளே போனால் குறுவைக்கு நாற்றங்கால் யார் போடுவது, வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டில் தனியாக என்ன செய்வாள் என்று ஒரு குடியானவர் நினைத்தால் அது கோழைத்தனமா? இந்தக் கேள்வியை உங்கள் மாணவர்கள் ஐந்து நிமிடம் விவாதித்திருந்தால், சட்டமறுப்பு என்ற பாடப்புத்தகச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பயமும் கணக்கும் இருந்தன என்று தெரிந்திருக்கும். வேதாரண்யத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. மாற்றக்கூடியது, அந்தக் குடியானவர் அன்றிரவு எந்த மனநிலையில் படுத்தார் என்பது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் கொடுத்த வழிகள் இரண்டு: சோறு போடு, அல்லது கதவைச் சாத்து. உண்மையில் அந்த ஊர்க்காரர்கள் செய்தது என்ன? வழியோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று அந்த யாத்திரையைப் பற்றிச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தபோது யாரும் நேரில் சோறு போட்டதாக ஆகவில்லை. தொண்டர்களும் பட்டினி கிடக்கவில்லை. கலெக்டர் போட்ட உத்தரவு ஊருக்குக் கொடுத்தது இரண்டே வழிகள். ஊர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. உங்கள் பட்டியல், உங்களை அறியாமலேயே, கலெக்டரின் பட்டியலாக ஆகிவிட்டது. கிளைக் கதைகளில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், பாதைகளைச் சேர்க்கிற இடத்தைக் காட்ட மாட்டேன். என்னென்ன வழிகளைப் பட்டியலில் வைப்பது என்று தீர்மானிக்கிற இடத்தைத்தான் காட்டுவேன். வகுப்பிலும் அப்படியே. "இந்த ஐந்து தலைப்புகளில் பிடித்ததை எடுத்துக்கொள்" என்று சொல்கிறபோது, ஆறாவதாக ஒன்றை ஒரு மாணவன் கொண்டுவந்தால் என்ன செய்வோம் என்பதை வைத்துத்தான் அந்தச் சுதந்திரத்தின் அளவைச் சொல்ல முடியும்.

சரி, முடிவை மாற்றாத தேர்வால் கற்றல் நடக்கிறதா? இங்கே ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும் நாம் ஊகிப்பதையும் பிரித்துவைக்க வேண்டும். 1996இல் டயானா கார்டோவாவும் மார்க் லெப்பரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணினி விளையாட்டில் கணிதச் செயல்களின் வரிசையைக் கற்பித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தங்கள் விண்கலத்துக்குப் பெயர் வைப்பது, சின்னம் தேர்ந்தெடுப்பது போன்ற, கணிதத்துக்குச் சம்பந்தமே இல்லாத தேர்வுகளைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆர்வமும் கூடியது, கற்றதும் கூடியது. 2008இல் எரிகா படால், ஹாரிஸ் கூப்பர் உள்ளிட்டோர் 41 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் தேர்வு உள்ளார்ந்த ஆர்வத்தைக் கூட்டுகிறது என்றே தெரிந்தது. பாடத்தோடு தொடர்பற்ற சிறு தேர்வுகளில் அந்த விளைவு இன்னும் வலுவாக இருந்தது. ஆகவே "பலன் இல்லாத தேர்வு பயனற்றது" என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. பெயர் வைக்கச் சொல்வதில் போலித்தனம் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். பெயர் வைப்பாய் என்றார்கள், வைத்த பெயர் கடைசிவரை திரையில் இருந்தது.

இன்னொரு பக்கம், தேர்ந்தெடுக்கும் உணர்வே மனிதரை மயக்கும் என்பதற்கும் சான்று உண்டு. எல்லன் லாங்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலகத்தில் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகள் விற்றார்கள். சிலர் தாங்களே சீட்டைப் பொறுக்கி எடுத்தார்கள், சிலருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு திருப்பி விலைக்குக் கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே எடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். பரிசு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். வகுப்பில் நாம் கொடுக்கும் தேர்வு இந்த மயக்கத்தைத் தூண்டிக் காரியம் சாதிப்பதாக இருந்தால், அதற்குக் கற்பித்தல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த முடிவுகளை அப்படியே நம் ஊர் வகுப்புக்குத் தூக்கிவரவும் தயங்குகிறேன். ஷீனா ஐயங்காரும் லெப்பரும் 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்து மாற்றுப் புதிர்கள் கொடுத்தார்கள். ஐரோப்பிய வழி அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த புதிரில் அதிகம் ஈடுபட்டார்கள். ஆசிய வழிப் பிள்ளைகளோ, அம்மா தேர்ந்தெடுத்தது என்று சொல்லப்பட்ட புதிரில் அதைவிட அதிகம் ஈடுபட்டார்கள். "தேர்வு கொடு, ஆர்வம் தானாக வரும்" என்று எல்லா ஊருக்கும் ஒரே சூத்திரம் எழுத முடியாது என்பது மட்டும் இதிலிருந்து உறுதி. அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிய அந்த முடிவைப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொருத்துவது ஊகம்தான். நான் அதைச் செய்யவில்லை.

எல்லையை வெளிப்படையாக வைத்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை. நம் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளையே பாருங்கள். பதினான்கில் எவையேனும் பத்து வினாக்களுக்கு விடையளிக்கச் சொல்லிவிட்டு, கடைசி வினா கட்டாயம் என்றும் அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். அதைக் கண்டு ஏமாந்துவிட்டதாக எந்த மாணவரும் சொல்லிக் கேட்டதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் இப்படி ஒரு நேர்மை இருந்தது. ஏணிப்படி அட்டவணை சுவரில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அடுத்த பாட அட்டையைத் தானே போய் எடுக்கும். எந்த அட்டை என்பது ஏணியில் முன்பே தீர்மானமானது. எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் பிள்ளையுடையது. பார்வைக்கு வந்தவர்கள் சிலர் "குழந்தைகள் தாங்களே பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று எழுதியது மிகை. பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

தத்துவஞானி ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமீல்' நூலில் இதற்கு மாறான அறிவுரை இருக்கிறது. தானே எஜமான் என்று பிள்ளை எப்போதும் நம்பட்டும், உண்மையில் எஜமானாக நீ இரு. சுதந்திரத்தின் தோற்றத்தோடு இருக்கும் அடிமைத்தனத்தைப் போல முழுமையான அடிமைத்தனம் வேறில்லை என்கிறார். அவர் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை, வழிமுறையாகவே சொல்கிறார். கல்வியில் பிள்ளையின் பக்கம் நின்ற ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு ஏமாற்றலாம் என்ற வாதத்தை நம் துறையில் அடிக்கடி கேட்கிறேன். ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை நாம் உண்மையாகவே கருத்துக் கேட்கும்போதும் அது வாயைத் திறக்காது. அந்த நஷ்டம் பெரிது.

உங்கள் கதையை விட்டுவிட வேண்டாம். மூன்று இடங்களில் கை வைத்தால் போதும். முதல் திரையிலேயே, "யாத்திரை எங்கே முடியும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் குடியானவர் என்ன செய்தார் என்பது உன் கையில்" என்று எழுதிவிடுங்கள். தேர்வுக்குப் பிறகு வரும் இரண்டு திரைகளையும் தனித்தனியாக, அந்தந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணத்தோடு பேசும்படி மாற்றி எழுதுங்கள். கதவைச் சாத்தியவரைக் கதை திட்டக் கூடாது. மூன்றாவதாக, பட்டியலின் அடியில் ஒரு வெற்றுக் கட்டம் வையுங்கள்: "வேறு ஏதாவது செய்வாயா?" ட்வைனில் எழுத்து உள்ளிடும் வசதி உண்டு. அது சிரமம் என்றால் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாற்பது பேரும் எழுதிய பிறகு, மரக்கிளையில் கட்டிய பொட்டலங்களைப் பற்றிச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை அதற்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

அந்த மாணவியிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவள் கேள்வி சரியானது என்று வகுப்பிலேயே சொல்லுங்கள். திருத்தி எழுதப்போகும் அந்த இரண்டு திரைகளில், கதவைச் சாத்தியவரின் திரையை எழுதும் வேலையை அவளிடமே கொடுத்துப் பாருங்கள்.